மறக்கப்படுவதற்கென்றே ஒரு பணி

நன்மை செய்தவரைக் கண்டால் அஞ்சி ஒதுங்க வேண்டும் என்று எந்த அறநூலும் கற்பிப்பதில்லை. சோறிட்ட கையை நாய்கூட மறவாது என்றும், நீர் வார்த்தவனுக்குத் தென்னையும் நன்றி காட்டும் என்றும் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். செய்ந்நன்றி கொல்வதைப் பாவங்களிலெல்லாம் பெரிய பாவமாக எண்ணும் மரபு நம்முடையது. ஆகவே, உதவியவரை உதவி பெற்றவர் திரும்பிப் பார்க்காமல் போவது எங்கு நிகழ்ந்தாலும் அங்கே ஏதோ தவறிவிட்டது என்றே நம் மனம் முடிவு கட்டுகிறது.

ஆனால், தாங்கள் செய்யும் உதவிக்கு நன்றி வந்துவிடாதபடி விழிப்போடு இருப்பவர்களும் இவ்வுலகில் இருக்கின்றனர். அடிபட்ட ஆந்தைகளையும் தாயைப் பிரிந்த ஆந்தைக் குஞ்சுகளையும் பேணிக் குணமாக்கி, மீண்டும் காட்டுக்கு அனுப்பும் பணியாளர்களே அவர்கள். தாங்கள் காப்பாற்றிய பறவை தங்களைக் கண்டதும் அலகைச் சொடுக்கிச் சீறுமானால் அவர்கள் மகிழ்கின்றனர். அதே பறவை அச்சமின்றி அருகில் வந்து அமருமானால் கவலை கொள்கின்றனர்.

இப்பணி கடந்த அரை நூற்றாண்டில் வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஒழுங்கான ஒரு துறையாக வளர்ந்திருக்கிறது. 1974இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் கழுகு, வல்லூறு, ஆந்தை முதலிய இரைகொல்லிப் பறவைகளுக்கென்று ஒரு மருத்துவ நிலையம் தோன்றியது. 1975இல் கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில், வைன்லாண்டு என்னும் ஊரில், கே மெக்கீவர் என்ற பெண்மணியும் அவர் கணவர் லாரியும் ஆந்தைகளுக்கென்றே ஓர் இல்லத்தை நிறுவினர். நம் ஊர்களில் சாவுக்குருவி என்று பழித்துக் கல்லெறிந்து விரட்டப்படும் பறவைக்காகத் தம் வாழ்நாளையே செலவிட்டவர்கள் இவர்கள் என்பது நமக்கு வியப்பளிக்கலாம். அதனினும் வியப்பானது அவர்கள் பணி செய்யும் முறை. அன்பு என்றால் என்ன என்று நாம் எளிதாகச் சொல்லிவரும் விடையை அம்முறை அசைத்துப் பார்க்கிறது. அஞ்சப்படுவதற்கு இசையும் அன்பு அன்புதானா? பெறுபவர் அறியாத உதவி நிறைவான உதவியா? இக்கேள்விகளைச் சற்றே நின்று சிந்திப்போம்.

தூக்காமல் இருப்பதும் உதவியே

இப்பணியின் முதற்பாடம், எதையும் செய்யாமல் இருப்பது எப்போது என்று அறிவதாகும். ஆந்தை இனங்கள் பலவற்றில் குஞ்சுகள் நன்றாகப் பறக்கத் தெரியும் முன்பே கூட்டை விட்டு வெளியேறிக் கிளைகளில் தத்தித் திரியும். சில தவறித் தரையிலும் விழும். அவ்வழியே வரும் இரக்கமுள்ள ஒருவர், பஞ்சுப்பொதி போன்ற அந்தக் குஞ்சு தனியே நிற்பதைக் காண்கிறார். அது தாயற்றது என்று முடிவு செய்து வீட்டுக்கு எடுத்துச் செல்கிறார். உண்மையில் தாயும் தந்தையும் அருகிலுள்ள மரத்திலேயே இருந்திருக்கும். இருள் கவிந்ததும் இரையோடு வந்து அதை ஊட்டியிருக்கும்.

இத்தகைய குஞ்சு காயமின்றி இருந்தால், அதைத் திரும்பக் கொண்டுபோய் அதே மரத்தில் விடுவதே சிறந்த வைத்தியம் என்கின்றனர் அனுபவசாலிகள். பழைய கூடு அழிந்திருந்தால் ஒரு கூடையை மரத்தில் கட்டி அதில் வைத்தாலும் போதும்; பெற்றோர் தேடி வந்து உணவூட்டும். மனிதக் கை பட்ட குஞ்சைத் தாய்ப்பறவை ஒதுக்கிவிடும் என்று பரவலாகச் சொல்லப்படுவது வெறும் நம்பிக்கையே. ஒதுக்கிவிடுமோ என்று அஞ்சித் திரும்ப விடாமல் வைத்துக்கொள்வதுதான் பல குஞ்சுகளை உண்மையிலேயே அனாதையாக்கிவிடுகிறது.

இரக்கம் விரைந்து செயற்படும் குணமுடையது. அந்த விரைவு இல்லையேல் பல உயிர்கள் மடிந்து போகும் என்பதில் ஐயமில்லை. ஆனால் விரைவிலேயே அதன் குறையும் இருக்கிறது. எதிரே தெரியும் துன்பத்தைப் பார்க்கும் இரக்கம், அத்துன்பத்தைத் தீர்க்க ஏற்கெனவே அங்கே இருப்பவர்களைப் பார்க்கத் தவறிவிடுகிறது. மரத்தின் மேலிருந்து நம்மை நோக்கிக்கொண்டிருக்கும் தாய் நம் கண்ணுக்குப் படுவதில்லை.

முகம் காட்டாத கை

குஞ்சு உண்மையிலேயே ஆதரவற்றதாக இருந்தால் என்ன செய்வது? இங்கேதான் கடினமான ஒழுக்கம் தொடங்குகிறது. முட்டையிலிருந்து வெளிவந்த வாத்துக் குஞ்சு, தான் முதலில் காணும் அசையும் உயிரையே தாயாக ஏற்றுப் பின்தொடர்கிறது என்பதை ஆஸ்திரிய நாட்டு அறிஞர் கொன்ராட் லோரன்ஸ் 1930களில் விளக்கினார். விலங்குகளின் நடத்தை பற்றிய ஆய்வுகளுக்காக 1973இல் வேறு இரு அறிஞர்களுடன் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஆந்தைக் குஞ்சின் உள்ளத்திலும் இத்தகைய பதிவு நிகழ்கிறது. கண் திறந்தபின் வரும் சில வாரங்களில், தனக்கு உணவூட்டும் முகமே தன் இனத்தின் முகம் என்று அது கற்றுக்கொள்கிறது. அந்த முகம் மனித முகமாக இருந்துவிட்டால் பின்னர் மாற்றுவது பெரும்பாலும் இயலாது.

அதன் விளைவை எண்ணிப் பார்ப்போம். உடலில் எக்குறையுமின்றி வளர்ந்த அந்தப் பறவை தன் இனத்தைக் கண்டால் துணையென்று உணராது. இனப்பெருக்கக் காலத்தில் மனிதரை நாடி வரும். சில வேளை மனிதரைத் தன் எல்லைக்குள் புகுந்த போட்டியாளர் என்றெண்ணிக் கூரிய நகங்களால் தாக்கும். காட்டுக்கும் அது உரியதன்று, வீட்டுக்கும் உரியதன்று. கொஞ்சி ஊட்டிய ஒவ்வொரு கவளமும் அதன் பிறப்புரிமையில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டிருக்கிறது.

ஆகவே, பொறுப்புணர்ந்த பணியாளர் குஞ்சுக்குத் தம் முகத்தைக் காட்டுவதில்லை. சிலர் முகத்தையும் உடலையும் திரையிட்டு மறைத்துக்கொள்கின்றனர். சிலர் ஆந்தைத் தலை போன்ற பொம்மையைக் கையில் மாட்டி அதன் அலகால் ஊட்டுகின்றனர். கூண்டருகே பேசுவதைத் தவிர்க்கின்றனர். எல்லாவற்றினும் சிறந்த வழி, அதே இனத்து வளர்ந்த ஆந்தை ஒன்றிடம் குஞ்சை ஒப்படைப்பதாகும். இவ்வழியை வளர்த்தெடுத்த முன்னோடிகளில் கே மெக்கீவர் குறிப்பிடத்தக்கவர். சிறகொடிந்து இனி ஒருபோதும் பறக்க இயலாத ஆந்தைகளை அவர் வளர்ப்புத் தாயாகவும் தந்தையாகவும் ஆக்கினார். உலகம் பயனற்றது என்று தள்ளிய பறவை, மனிதர் எவரும் கற்பிக்க முடியாத ஒன்றை, அதாவது ஆந்தையாக இருப்பது எப்படி என்பதை, அடுத்த தலைமுறைக்குக் கற்பித்தது.

அமெரிக்காவில் 2003இல் வகுக்கப்பட்ட விதிகள் இவ்வொழுக்கத்துக்குச் சட்ட வடிவம் தந்தன. சிகிச்சையிலுள்ள பறவைகள் மனிதரிடம் பழகிவிடாதபடி காப்பது உரிமம் பெற்றவரின் கடமையாகும். மனிதரை அவை காணும்படி பொதுமக்களின் பார்வைக்கு வைப்பதும் அவ்விதிகளால் தடை செய்யப்பட்டுள்ளது. கூண்டைச் சுற்றிக் கூட்டம் சேர்த்தால் நன்கொடை பெருகலாம். பார்ப்பவர் உள்ளம் உருகலாம். ஆயினும், துன்புற்றிருக்கும் உயிர் காட்சிப் பொருளாகக் கூடாது என்று சட்டம் சொல்கிறது.

இந்த இடத்தில் நம் மனம் உறுத்த வேண்டும். நம் ஊர்களில் ஏழை மாணவருக்குப் புத்தகமும், கைம்பெண்ணுக்குத் தையல் இயந்திரமும், மாற்றுத் திறனாளிக்குச் சக்கர நாற்காலியும் எவ்வாறு வழங்கப்படுகின்றன? மேடை அமைத்து, ஒலிபெருக்கி கட்டி, பெறுபவரைப் பெயர் சொல்லி அழைத்து, பொருளில் ஒரு கையும் புகைப்படக் கருவியில் ஒரு கண்ணுமாக நின்று வழங்குகிறோம். அடிபட்ட ஆந்தைக்குச் சட்டம் தரும் மறைவை, அடிபட்ட மனிதருக்கு நாம் தருவதில்லை.

இரவின் தேர்வுகள்

காயம் ஆறிவிட்டது என்பதாலேயே பறவை விடுதலைக்கு ஆயத்தமாகிவிட்டது என்று கொள்வதற்கில்லை. மருத்துவமனையில் வாழத் தேறுவது வேறு. காட்டில் வாழத் தேறுவது வேறு. ஆந்தையின் வாழ்வு மூன்று ஆற்றல்களைச் சார்ந்தது: ஓசையற்ற பறத்தல், நுண்ணிய செவி, இரையைப் பற்றும் திறன். மூன்றும் ஒவ்வொன்றாகச் சோதிக்கப்படுகின்றன.

ஆந்தையின் முன்சிறகோரத்தில் சீப்பின் பற்கள் போன்ற நுண்ணிய அமைப்பு உண்டு. பின்னோரம் மென்மையான குஞ்சம் போன்றது. காற்றைக் கிழித்து ஒலி எழுப்பாமல் பறக்க அவை உதவுகின்றன. கூண்டுக் கம்பிகளில் மோதி இறகுகள் சிதைந்தால் எலும்பு கூடியும் பயனில்லை. ஆகவே இறகுகளைக் காப்பது சிகிச்சையின் பெரும்பகுதியாகிறது. ஒடிந்த இறகின் அடித்தண்டில் அதே இனத்துப் பறவை உதிர்த்த இறகைப் பொருத்தி ஒட்டும் கலையும் உண்டு. 13ஆம் நூற்றாண்டில் பேரரசர் இரண்டாம் பிரடெரிக் வல்லூறு வேட்டை பற்றி எழுதிய நூலிலேயே இக்கலை விளக்கப்பட்டிருக்கிறது. பிறகு நீண்ட பறப்புக் கூண்டுகளில் நாள்தோறும் பறக்க வைத்துத் தசைகளுக்கு வலுவூட்டுகின்றனர். பறவை கடந்து போகும்போது பணியாளர் காதைக் கூர்ந்து வைத்துக் கேட்கிறார். அவர் காதில் ஒன்றும் விழவில்லையென்றால் பறவை தேறிவிட்டது.

கூகையின் செவியைப் பற்றி ரோஜர் பெய்ன் என்ற அமெரிக்க அறிஞர் 1950களின் இறுதியில் தொடங்கிய சோதனைகள் புகழ் பெற்றவை. ஒளி சிறிதும் புகாத அறையில், சருகு பரப்பிய தரையில் ஓடிய சுண்டெலியைக் கூகை ஒலியை மட்டும் கொண்டு பற்றியது. எலியின் பின்னே நூலில் கட்டிய காகிதம் சருகில் உரசியபோது, கூகை எலியை விட்டுக் காகிதத்தின் மேல் பாய்ந்தது. ஒரு செவியை அடைத்தால் குறி தவறியது. அதன் ஒரு செவித்துளை மற்றதைவிட உயரமாக அமைந்திருப்பதால் ஒலி மேலிருந்து வருகிறதா கீழிருந்து வருகிறதா என்று அதனால் அறிய முடிகிறது. வாகனத்தில் மோதித் தலையில் அடிபட்ட ஆந்தைக்கு இவ்வாற்றல் எஞ்சியிருக்கிறதா என்பது உயிர் வினா. வெளித்தோற்றத்தில் அது முழு நலத்தோடு இருக்கலாம். ஆயினும் காட்டில் பட்டினியால் மடியலாம்.

இதை அறிவதற்கு வட அமெரிக்க இல்லங்கள் பலவற்றில் ஒரு தேர்வு உண்டு. அதை எலிப் பள்ளிக்கூடம் என்று வேடிக்கையாக அழைக்கின்றனர். சருகு பரப்பிய அகன்ற தொட்டியில் உயிருள்ள எலிகள் விடப்படுகின்றன. பல இரவுகள் தொடர்ந்து ஆந்தை தானே இரை பிடித்தால்தான் வெளியே விடலாம் என்று முடிவு செய்கின்றனர்.

அந்த எலியின் பக்கம் நின்றும் நாம் பார்க்க வேண்டும். காட்டிலுள்ள எலிக்கு வளை உண்டு, புல்மறைவு உண்டு, தப்பிப் பிழைக்கும் வாய்ப்பு உண்டு. தொட்டியிலுள்ள எலிக்கு அவை எதுவுமில்லை. ஓர் உயிருக்குச் செய்யும் இரக்கம் இன்னோர் உயிரின் அச்சத்தால் விலை கொடுக்கப்படுகிறது. கூகை ஒன்று ஓரிரவில் மூன்று நான்கு சிற்றெலிகளைத் தின்னக்கூடியது. ஆண்டு முழுவதும் கணக்கிட்டால் ஆயிரத்துக்கு மேற்படும். இக்காரணத்தாலேயே உயிருள்ள இரை தரும் முறையை ஏற்காத பணியாளர்களும் உண்டு. ஏற்பவர்கள் வேறு விதமாக வாதிடுகின்றனர்: இரை பிடிக்கத் தெரியாத பறவையைக் காட்டில் விடுவது, நம் கண்ணுக்கு மறைவாக அதைக் கொல்வதேயன்றி வேறென்ன?

இவ்விவாதத்தில் எப்பக்கம் சாய்ந்தாலும் கை கறைபடாமல் இருக்க வழியில்லை. இரக்கம் என்பது துன்பத்தை இவ்வுலகிலிருந்து நீக்கிவிடும் மாயக்கோல் அன்று. நாம் எந்தப் பொறுப்பை ஏற்றோமோ, அதன் விலையையும் மறைக்காமல் ஏற்பதே நேர்மை. பால் குடிக்கும் ஆந்தையை விரும்புபவர் ஆந்தையை விரும்பவில்லை. தம் கற்பனையை விரும்புகிறார்.

தேறாதவர் நிலை

எல்லாப் பறவைகளும் தேறுவதில்லை. முழுக் குருடாகிவிட்ட பறவையையும், முழங்கை மூட்டிலோ அதற்கு மேலோ சிறகு துண்டிக்கப்பட வேண்டிய பறவையையும் துன்பமின்றி உயிர்நீக்கச் செய்ய வேண்டும் என்று மேற்கூறிய அமெரிக்க விதிகள் வகுத்தன. வேறு சில, கூண்டு வாழ்வைத் தாங்கும் இயல்புடையனவாயின் வளர்ப்புப் பெற்றோராகவோ கல்விப் பணியிலோ வாழ்கின்றன. இம்முடிவை எடுப்பவர், அதுவரை பல இரவுகள் விழித்திருந்து அப்பறவையைப் பேணியவராகவே இருப்பார். தம் உழைப்பு வீணாகக் கூடாது என்ற ஆசை அவருக்கு இல்லாமல் இருக்குமா? அந்த ஆசைக்காக, நிமிர்ந்து அமரவும் இயலாத பறவையை ஆண்டுக்கணக்கில் வைத்திருப்பது பறவைக்குச் செய்யும் நன்மையா, தமக்குச் செய்துகொள்ளும் ஆறுதலா?

இந்த அளவுகோலை மனித உயிருக்கு நீட்ட முடியாது என்பதை ஐயத்துக்கிடமின்றிச் சொல்ல வேண்டும். பறத்தலும் வேட்டையுமே ஆந்தையின் வாழ்வு. செயலாற்றும் திறன் முழுவதும் இழந்தாலும் மனிதர் மனிதரே. அவர் மாண்பு அவர் கைகால்களில் இல்லை. ஆனால், யாருக்காக இம்முடிவை எடுக்கிறோம் என்று தன் நெஞ்சையே கேட்டுக்கொள்ளும் அந்தப் பணியாளரின் கேள்வி மட்டும் நமக்கும் உரியது.

திறந்த கதவு மட்டும் விடுதலையாகுமா?

விடுவித்தல் என்ற சொல்லிலேயே ஒரு மயக்கம் இருக்கிறது. கதவைத் திறந்துவிட்டால் கடமை தீர்ந்தது என்று மனம் நம்புகிறது. பிரிட்டனில் கூகைகள் குறைந்து வந்ததைக் கண்ட நல்லெண்ணம் கொண்டோர் பலர், கூண்டில் பிறந்து வளர்ந்த கூகைகளைக் காட்டில் விட்டனர். 1990களின் தொடக்கத்தில் ஆண்டொன்றுக்கு 2,000 முதல் 3,000 வரை பறவைகள் இவ்வாறு விடப்பட்டதாகக் கணக்கிடப்பட்டது. அவற்றுள் மிகப் பல விரைவில் மடிந்தன. குறைவாக இருந்தவை கூகைகள் மட்டுமல்ல; அவை இரை தேடும் புல்வெளிகளும், கூடு கட்டும் பழைய கொட்டில்களும் மரப்பொந்துகளுமே குறைந்திருந்தன. இறுதியில், உரிமமின்றி அவ்வாறு விடுவதை அந்நாட்டுச் சட்டம் தடுத்தது. கருணையைச் சட்டம் கட்டுப்படுத்தியது விந்தையாகத் தோன்றலாம். ஆனால் அது கருணையின் பெயரால் நிகழ்ந்த கைவிடுதலையே கட்டுப்படுத்தியது.

அண்மைக்கால நிகழ்ச்சி ஒன்று இதனை மேலும் சிக்கலாக்குகிறது. நியூயார்க் நகரின் சென்ட்ரல் பார்க் விலங்குக் காட்சிச்சாலையில் ஃபிளாக்கோ என்னும் கழுகு ஆந்தை இருந்தது. கூண்டிலேயே பிறந்து வளர்ந்து, 12 ஆண்டுகளுக்கு மேல் கூண்டன்றி வேறறியாத பறவை அது. 2023 பிப்ரவரி 2ஆம் நாள் இரவு யாரோ கூண்டின் கம்பிவலையை வெட்டிவிட, அது வெளியேறியது. பட்டினியால் இறந்துவிடும் என்று எல்லாரும் அஞ்சினர். ஆனால் சில நாட்களிலேயே அது தானாக எலி பிடிக்கக் கற்றுக்கொண்டது. கற்பிப்பார் இன்றியும் இயற்கை உள்ளே உறங்கிக்கொண்டிருந்தது. நகரமே அதைக் கொண்டாடியது. ஓராண்டு கழித்து, 2024 பிப்ரவரி 23ஆம் நாள் அது ஒரு கட்டடத்தில் மோதி விழுந்து இறந்தது. உடலைச் சோதித்தபோது, புறாக்களிடமிருந்து தொற்றிய கடும் நோயும், நான்கு வகை எலி நஞ்சுகளும் அதனுள்ளே இருந்தன என்று தெரிய வந்தது.

ஓராண்டுச் சுதந்தரம் மேலானதா, கூண்டில் நீண்ட வாழ்வு மேலானதா என்று அப்போது பலர் விவாதித்தனர். நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. பறவை தன் தேர்வில் வென்றது; தோற்றது அதை வரவேற்ற நகரம். எலிக்கு நஞ்சு வைத்த கையும், அப்பறவையின் மரத்தடியில் மலர் வைத்து அழுத கையும் ஒரே நகரத்தின் கைகள். பறவையைக் காட்டுக்கு ஆயத்தம் செய்வது பணியின் ஒரு பாதி. பறவைக்கு ஏற்றவாறு உலகை ஆயத்தம் செய்வது மறுபாதி. கண்ணுக்குத் தெரியாததும் கைதட்டல் பெறாததுமான பாதி. சிறையிலிருந்து வெளிவருபவர்க்கும், ஆதரவு இல்லத்தில் வளர்ந்து 18 வயதில் வெளியேறும் இளைஞர்க்கும் இது பொருந்தாதா? அவர்களைத் திருத்தினோம், பயிற்றுவித்தோம் என்று பெருமை கொள்கிறோம். வாடகைக்கு வீடு தராத தெருவையும் வேலை தராத முதலாளியையும் திருத்துவது யார்?

நன்றி இல்லாத அன்பு

இப்போது நம் முதற்கேள்விக்கு வருவோம். உதவி பெற்றவர் உதவியவரை நேசிப்பதைவிட, உதவியவரே உதவி பெற்றவரை மிகுதியாக நேசிக்கிறார் என்பதை அரிஸ்டாட்டில் தம் அறவியல் நூலில் கவனித்து எழுதினார். கலைஞன் தன் படைப்பை நேசிப்பது போன்றது அது என்பது அவர் தரும் விளக்கம். எத்துணை உண்மை! நாம் காப்பாற்றியவரிடம் நம் கைவேலையைக் காண்கிறோம். அங்கேதான் ஆபத்தும் இருக்கிறது. படைப்பு படைத்தவனுக்கு உரியது. ஆனால் காப்பாற்றப்பட்ட உயிர் காத்தவனுக்கு உரியதன்று. இவ்விரண்டையும் பிரித்தறியாத அன்பு, ஊட்டிய கையாலேயே கட்டிப்போடும்.

அதே நூலில் அவர் இன்னோர் எடுத்துக்காட்டும் தருகிறார். தம் பிள்ளைகளைப் பிறரிடம் வளர்க்கக் கொடுத்துவிட்ட தாய்மார், தம்மைத் தாயென்று அறியாத பிள்ளைகள் நலமாக வாழ்வதைத் தொலைவிலிருந்து கண்டே நிறைவடைகின்றனர். நேசிக்கப்படுவதைவிட நேசிப்பதிலேயே அன்பு இருக்கிறது என்பதற்கு அவர்களே சான்று என்கிறார். ஆந்தையைப் பேணுபவர் இத்தாய்மார் வரிசையில் நிற்கிறார்.

இங்கே ஒரு மறுப்பு எழும். மனிதரிடம் இவ்வாறு முகம் மறைத்துப் பணி செய்தால் என்னவாகும்? அதற்கும் விடை உண்டு. ரெனே ஸ்பிட்ஸ் என்ற மனநல அறிஞர், கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான இல்லம் ஒன்றை ஆராய்ந்து 1945இல் எழுதினார். அங்கே உணவுக்கும் தூய்மைக்கும் குறைவில்லை. ஆனால் ஒவ்வொரு குழந்தைக்கும் உரியதாக ஒரு முகம் இல்லை, அணைக்கும் கை இல்லை. குழந்தைகள் வாடின, வளர்ச்சி குன்றின, பல இறந்தும் போயின. மனித முகத்தைக் கண்டால் ஆந்தைக் குஞ்சு தன்னை இழக்கிறது. காணாவிட்டால் மனிதக் குழந்தை தன்னை இழக்கிறது.

ஆகவே, விலகி நிற்பதே அன்பு என்று விதி செய்ய முடியாது; நெருங்கி நிற்பதே அன்பு என்றும் விதி செய்ய முடியாது. என் முகம் இவ்வுயிருக்குத் தேவையா, அல்லது இவ்வுயிரின் முகம் எனக்குத் தேவையா என்று கேட்பதே அன்பின் தொடக்கம். ஒரே மனிதரிடத்தில்கூட விடை காலத்துக்குக் காலம் மாறும். மழலைக்கு நம் முகம் உயிர். வளர்ந்தவருக்கு அதே முகம் ஓயாமல் எதிரே நின்றால் சுவர். பிறரன்புப் பணியில் ஈடுபட்டுள்ள நாம், நம் பள்ளிகளையும் இல்லங்களையும் மருத்துவமனைகளையும் இக்கேள்வியால் அளந்து பார்ப்பது நன்று. பத்தாண்டுகளாக ஒரே குடும்பத்துக்கு அரிசி கொடுத்து வருகிறோம் என்பது பெருமையா? பத்தாண்டுகளாகியும் நம்மிடம் வர வேண்டியவராகவே அவர்களை வைத்திருக்கிறோமா? முதியோர்க்கும் தீரா நோயாளர்க்கும் இறுதிவரை கொடுப்பதே கடமை. சொந்தக் காலில் நடக்கக்கூடியவரையும் அவ்வரிசையில் நிறுத்தி வைப்பது கடமையாகுமா?

நன்றியை நாம் இழிவுபடுத்த வேண்டியதில்லை. நன்றியுணர்வு அதை உணர்பவரை உயர்த்துகிறது. ஆகவே அது பெறுபவரின் செல்வம். கொடுப்பவர் அதைத் தம் வருவாயாகக் கணக்கெழுதும்போதுதான் கெடுகிறது. ஆந்தை நன்றியறியாதது என்பதால் அதைப் பேணுவது எளிதன்று, ஆனால் தெளிவானது. அங்கே வேறு கூலி கிடைக்க வழியில்லை.

விடுவிக்கும் நாளில் நடப்பதும் அவ்வாறே. புயலும் கடுமழையும் இல்லாத மாலை வேளையாகப் பார்க்கின்றனர். வளர்ந்த பறவையாயின், இயன்றவரை அது கண்டெடுக்கப்பட்ட இடத்துக்கே கொண்டு செல்கின்றனர். அங்குள்ள மரங்களும் எல்லைகளும் அதற்குத் தெரியும். இளம் பறவையாயின், சில நாட்கள் அவ்விடத்தில் உணவு வைத்து, அது வருவது குறையக் குறைய உணவையும் நிறுத்துகின்றனர். பெட்டி திறக்கப்படுகிறது. பறவை போகிறது, ஒலியில்லை. அதற்குப் பின் செய்தியும் பெரும்பாலும் இல்லை. காலில் அடையாள வளையம் இட்டிருந்தால் என்றோ ஒருநாள் செய்தி வரக்கூடும். ஆனால் அவ்வாறு வரும் செய்திகளில் மிகுதியானவை, பறவை இறந்து கிடந்தது என்பவையே. எனவே, செய்தி வராதிருப்பதையே நற்செய்தியாகக் கொள்ளப் பணியாளர் பழகிக்கொள்கிறார்.

நம் நெல்வயல்களில் எலிகளைக் கட்டுப்படுத்துவதற்காக, ஆந்தை வந்து அமர ஏதுவாகக் குச்சிகள் நடும் வழக்கம் உண்டு. உழவர் பகலில் குச்சியை நட்டுவிட்டு வீடு திரும்புகிறார். இரவில் எந்த ஆந்தை வந்தது, எத்தனை நாழிகை அமர்ந்தது என்று அவர் அறியார். நட்டவர் யார் என்று ஆந்தையும் அறியாது. அவர் அதைப் பிடிக்கவில்லை, பழக்கவில்லை, பெயரிடவில்லை. அது வந்து அமர ஓர் இடம் செய்து கொடுத்தார். நாம் பிறருக்குச் செய்யக்கூடியவற்றுள் பெரும்பகுதி இத்தகையதே. குச்சி உறுதியாக நிற்கிறதா என்பது மட்டும் நம் பொறுப்பு.